தையல் அக்கா பதில்கள்: படத்துப் பொண்ணுக்கு ஒன்பதரை தலை

கேள்வி: அக்கா, எங்க தாத்தா புனலூர்ல டெய்லரா இருந்தாரு. அவரு மெஷின் டிராயர சுத்தம் பண்ணும்போது ஒரு கவர் கிடைச்சுது. கவர் மேல ஒரு வெள்ளக்காரப் பொண்ணு படம், கலர்ல வரைஞ்சது. இடுப்பு ஒரு பிடிதான் இருக்கும், பாவாடை கொடை மாதிரி விரிஞ்சிருக்கு, முழங்கை வரைக்கும் கருப்பு கிளவுஸ், தலையில தட்டு கவுத்து வச்ச மாதிரி தொப்பி. உள்ள மெல்லிசு பேப்பர் மடிச்சு மடிச்சு வச்சிருக்கு, அதுல கோடு எதுவும் கிடையாது, ஓட்டை ஓட்டையாதான் இருக்கு. கவர்ல சைஸ் 14, பஸ்ட் 32 னு போட்டிருக்கு. எங்க நாத்தனார் மகளுக்கு கொட்டாரக்கரைல ரிசப்ஷன் வருது, இதே மாதிரி கவுன் தைச்சுப் போடலாமா? எங்க வீட்டுக்காரரு பழைய பேப்பர்காரன்ட்ட தூக்கிப் போடுங்காரு.
– ஒரு வாசகி, புளியரை

பதில்: தங்கச்சி, பழைய பேப்பர்காரர் வந்தா தெருமுனையிலயே திருப்பி அனுப்பிருங்க. வீட்டுக்காரர்ட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

அந்த ஓட்டை கரையான் தின்னது இல்ல. அந்தக் காலத்துல வெளிநாட்டுல வீட்ல இருந்து தைக்கிற பொம்பளைங்களுக்காக, துணி மேல வச்சு அதே அளவுக்கு வெட்டிக்கிற பேப்பர் கட்டிங் விப்பாங்க. 1863 ல பட்டரிக்னு ஒருத்தர் அமெரிக்காவுல ஆரம்பிச்சது, அப்புறம் மெக்கால், சிம்ப்ளிசிட்டின்னு கம்பெனிங்க வந்துச்சு. சில கம்பெனி கோடு பிரிண்ட் போட்டே கொடுக்கும், சில கம்பெனி வெறும் பேப்பர்ல ஓட்டை மட்டும் போட்டுக் கொடுக்கும், ஒரு அளவு ஓட்டைன்னா துணி நேர் இழை இப்படி ஓடணும்னு அர்த்தம், இன்னொரு அளவுன்னா இங்க டாட், அதாவது உடம்பு வளைவுக்குப் பிடிக்கிற கூர் மடிப்பு, பிடிக்கணும்னு அர்த்தம், ஓரத்துல முக்கோணமா வெட்டியிருந்தா எதோட எது ஜாயிண்ட்னு அர்த்தம், எந்த ஓட்டை எதுக்குங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், கூடவே ஒரு சீட்டுல எழுதியிருக்கும். கவருக்குள்ள இன்னும் நல்லா தேடிப் பாருங்க, அந்த சீட்டு இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

சைஸ் 14 க்கு வருவோம். இன்னைக்கு ஆன்லைன்ல சைஸ் 14 னு ஆர்டர் போட்டா பஸ்ட் 32 ஐ விட அஞ்சாறு இஞ்சாவது கூடத்தான் வரும். அந்தக் கால கட்டிங்ல 14 ன்னா பஸ்ட் 32 தான். 1956 வாக்குல அளவு பட்டியல மாத்துனாங்க, அதுக்கப்புறம் அதே 14 க்கு 34 ஆயிருச்சு. அப்போ உங்க கவர் அதுக்கு முந்தினதுன்னு கணக்கு. இதுல ஒரு வேடிக்கை பாத்தீங்களா, அதே 1956 நவம்பர் 1 அன்னைக்குத்தான் நம்ம செங்கோட்டை, புளியரை எல்லாம் திருவிதாங்கூர்-கொச்சிய விட்டு மெட்ராஸ் ஸ்டேட்டோட சேந்துச்சு. ஆக உங்க தாத்தா இந்தக் கவர வாங்கினப்ப புளியரைக்கும் புனலூருக்கும் நடுவுல செக்போஸ்டே கிடையாது, ரெண்டும் ஒரே ராஜ்யம், காலைல ரயில் ஏறுனா மதியம் கடை திறந்துரலாம். யாருக்காக வாங்கியிருப்பாருன்னா, கொல்லம் தங்கசேரி பக்கம் ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க நிறைய, ரயில்வே வேலையிலயும் அவங்க ஆளுங்க உண்டு, மலைமேல எஸ்டேட் பங்களால துரைசானிங்களும் இருந்தாவ, அவங்கள்ல யாராவது இந்தக் கவரக் கொண்டாந்து கொடுத்துட்டு இதே மாதிரி வேணும்னு சொல்லியிருப்பாங்கன்னு நினைக்கேன்.

இப்போ படத்துக்கு வாரேன். நீங்க அனுப்பின போட்டோவ எங்க தெரு ஜெராக்ஸ் கடைல பெருசா பிரிண்ட் போட்டு இஞ்ச் டேப் வச்சு அளந்தேன், கடைக்காரத் தம்பி சிரிச்சான், சிரிக்கட்டும். தலை உச்சில இருந்து நாடி வரை 1 இஞ்ச். உச்சில இருந்து செருப்பு நுனி வரை ஒன்பதரை இஞ்ச். அதாவது அந்தப் பொண்ணு உயரம் ஒன்பதரை தலை. நம்ம மனுச ஜென்மம் ஏழு, மிஞ்சிப்போனா ஏழரை தலைதான். என் தலை உச்சில இருந்து நாடி வரை எட்டரை இஞ்ச், அந்தக் கணக்குல பாத்தா படத்துப் பொண்ணு எந்திரிச்சு நின்னா ஆறே முக்கால் அடி இருப்பா, நம்ம வீட்டு நிலைப்படில தலை இடிச்சிரும். இடுப்பு அகலம் படத்துல அரைக்கால் குறைய முக்கால் இஞ்ச், நிஜத்துக்கு மாத்துனா அஞ்சே கால், நம்ம சோத்துத் தட்டுல பாதி கூட தேறாது. அந்த இடுப்புக்குள்ள குடலு எங்க இருக்கும்னு வரைஞ்சவர்ட்டதான் கேக்கணும்.

இதை வரைஞ்சவருக்கு வரையத் தெரியலைன்னு நினைச்சிராதீங்க, தெரிஞ்சேதான் நீட்டியிருக்காரு. ஃபேஷன் படத்துக்கு ஒன்பது தலைக்குக் குறையாம வைக்கிறதுதான் வழக்கம், அந்தக் கூடுதல் நீளத்த பெரும்பாலும் கால்லதான் சேப்பாங்க, அப்பதான் பாவாடை சரிஞ்சு விழுறது கண்ணுக்குத் தெரியும். படம் சொல்றது அளவு இல்லம்மா, பார்வை எங்க போகணுங்கறது. உங்க படத்துல மொதல்ல கண்ணு இடுப்புக்குப் போகுது, அங்க இருந்து பாவாடை ஓரத்துக்கு வழுக்கிட்டு விழுது, கருப்பு கிளவுஸ் ரெண்டும் ரெண்டு பக்கமும் வேலி போட்ட மாதிரி கண்ண உள்ளயே நிறுத்துது. டெய்லர் படிக்க வேண்டியது இதத்தான். மடிப்பு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருந்தா ஏமாந்துருவோம், ஏன்னா வரையிறவரு ஒரே இழுப்புல மூணு கோடு போட்டு முப்பது மடிப்பக் காட்டிருவாரு.

நான் ஏமாந்திருக்கேன். வேலை பழகின புதுசு, பத்தொன்பது வயசு, ஆரியங்காவுல இருந்து ஒரு சேச்சி மகளுக்கு கிறிஸ்மஸ் கவுன் வேணும்னு பழைய புத்தகத்துல இருந்து கிழிச்ச படம் ஒண்ணு கொண்டாந்தாவ, கிட்டத்தட்ட உங்க படம்தான். எங்க கடை முதலாளி ஊருக்குப் போயிருந்தாரு, நானே வெட்டுதேன்னு எடுத்தேன். பாவாடை விரிவா இருக்குன்னு அஞ்சு மீட்டர் துணிய நேரா வச்சு இடுப்புல சுருக்கு இழுத்து சேத்துட்டேன். போட்டுப் பாத்தா புள்ளை கோழிக்கூடை கவுத்த மாதிரி நிக்கி, சுருக்கு எல்லாம் இடுப்புல மூட்டையா நின்னு படத்துல எது ஒல்லியோ அது இங்க குண்டாயிருச்சு. அந்த சேச்சி திட்டல, படத்தையும் புள்ளையையும் மாறி மாறிப் பாத்துட்டு "படத்திலெ போலெ அல்லல்லோ" (படத்துல இருக்க மாதிரி இல்லியே) ன்னு மெதுவா சொன்னாவ பாருங்க, திட்டியிருந்தா கூட மறந்திருப்பேன். துணிக்காசு என் சம்பளத்துல பிடிச்சாச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்தப் படத்துல இருக்கது வட்டமா வெட்டின பாவாடை, இடுப்புல ஒரு மடிப்பு கிடையாது, ஓரத்துலதான் அலை அலையா விழும்.

இந்த மாதிரி உருவத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 1947 பிப்ரவரி 12, பாரிஸ்ல கிறிஸ்டியன் டியோர்னு ஒரு டிரஸ் டிசைனர் தன்னோட முதல் கலெக்‌ஷன் காட்டினாரு. யுத்தம் முடிஞ்ச நேரம், அதுவரைக்கும் தோள்பட்டை பொட்டி மாதிரி, பாவாடை ஒடுக்கமா, துணிய மிச்சம் பிடிச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தாங்க. இவரு ஒரேயடியா தோள உருட்டி, இடுப்பப் பிடிச்சு, பாவாடைக்கு கஜக்கணக்கா துணி கொட்டினாரு. ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகை எடிட்டர் கார்மெல் ஸ்னோதான் அதை நியூ லுக்னு சொன்னாங்க, பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. அப்போ இங்கிலாந்துல துணிக்கு கூப்பன், அது 1949 வரைக்கும் நீடிச்சுது, அதனால இதென்ன அநியாயம்னு அங்க ஒரே கூச்சல். நம்ம நாட்டுலயும் 1943 ல இருந்து துணி கண்ட்ரோல் இருந்துச்சு, பெரியவங்க இருந்தா கேட்டுப் பாருங்க. துணி இல்லாத காலத்துலதான் துணி கொட்டுற படத்துக்கு மவுசு, பசிக்கிறப்பதான கல்யாணப் பந்திக் கதை இனிக்கும்.

அந்தப் பாவாடை தானா அப்படி நிக்காது, உள்ள ஒரு கட்டடமே இருக்கும். இடுப்புக்கு மேல விறைப்பான பட்டி வச்சு இறுக்கிக் கட்டுற கார்செட், துணிக்குப் பின்னால லைனிங், பாவாடைக்குக் கீழ அடுக்கடுக்கா நெட். படத்துல அது ஒண்ணும் தெரியாது. வீட்ல தைக்கிறவங்க நெட் உள்பாவாடைய சர்க்கரைத் தண்ணில முக்கி விறைப்பாக்குவாங்களாம், நம்ம ஊர்ல அப்படிச் செஞ்சா ரிசப்ஷன் மேடைக்கு எறும்பும் சேந்து வரும், நீங்க கடைல கேன்கேன் நெட் கேட்டு வாங்குங்க, இல்லைன்னா சோத்துக் கஞ்சிக்கு மிஞ்சின விறைப்பு இல்ல.

தைக்கலாமான்னு கேட்டீங்க, தாராளமா தைக்கலாம், ஆனா அந்த பேப்பரத் துணி மேல வச்சு குத்தாதீங்க. பட்டர் பேப்பர்ல பிரதி எடுத்துட்டு ஒரிஜினல மடிச்சு வச்சிருங்க. புள்ளைக்கு அளவு எடுத்து முதல்ல பழைய வேட்டில மேல்பாகம் மட்டும் ஒண்ணு தைச்சுப் போட்டுப் பாருங்க. பாவாடை நீளம் படத்தப் பாத்து வைக்காதீங்க, படத்துல கால் கூட நீளம், அந்த விகிதத்துல வச்சா நம்ம அஞ்சடி புள்ளைக்கு தரை கூட்டும். அந்தக் காலத்துல தரைல இருந்து ஏறக்குறைய ஒரு அடி மேல நிறுத்துவாங்க, நீங்க முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, கெண்டைச் சதை ஒடுங்குற இடத்துல நிறுத்துங்க, கால் அழகாத் தெரியும். கிளவுஸ் வேண்டாம், பந்தில சாம்பாருக்கும் அதுக்கும் ஒத்துவராது.

கேள்வி: போன மாசம் நீங்க பழைய கவுன் படம் ஒண்ணு போட்டிருந்தீங்க. அப்பவே கேமரா இருந்துச்சுல்ல, எதுக்கு கைல வரைஞ்சாங்க?
– ஒரு காலேஜ் ஸ்டூடண்ட், செங்கோட்டை

பதில்: நல்ல கேள்வி தம்பி. இருந்துச்சு. வோக் பத்திரிகை அட்டைல கலர் போட்டோ முதமுதல்ல வந்தது 1932 ஜூலைல, எட்வர்ட் ஸ்டைக்கன் எடுத்தது. அதுக்கப்புறம் படம் வரையிறவங்களுக்கு அட்டை கொஞ்சங் கொஞ்சமா கை நழுவிருச்சு, ஆனா விளம்பரத்துல இன்னும் பல வருசம் தாக்குப் பிடிச்சாங்க. ஒரு காரணம் பேப்பர். நியூஸ் பேப்பர் தாள்ல போட்டோ போட்டா புள்ளி புள்ளியா கலங்கிரும், கருப்புத் துணின்னா மை கொட்டின மாதிரி இருக்கும், கோட்டுப் படம் போட்டா பளிச்சுன்னு விழும். நம்ம பத்திரிகைங்களும் மணியம், கோபுலுன்னு ஓவியர்களாலயே ஓடின காலம்தான அது, ஜவுளி விளம்பரத்துல சேலை கட்டி நின்ன அம்மாக்களும் பாதிப்பேரு கைல வரைஞ்சவங்கதான்.

இன்னொரு காரணம், போட்டோ இருக்கறதக் காட்டும், படம் ஆசையக் காட்டும். ரெனே க்ருவோன்னு ஒருத்தர், 1909 ல இத்தாலில ரிமினி ஊர்ல பிறந்தவரு, டியோரோட மிஸ் டியோர் சென்ட்டுக்கு விளம்பரம் வரைஞ்சாரு. என்ன வரைஞ்சாருன்னு நினைக்க? சென்ட் பாட்டில் இல்ல, பொண்ணும் இல்ல, ஒரு அன்னப்பறவை, கழுத்துல முத்து மாலை, ஒரு கருப்பு ரிப்பன் முடிச்சு. அவ்வளவுதான். தடிச்ச பிரஷ்ல கருப்புக் கோடு, எடுத்துக்காட்ட வேண்டிய இடத்துல மட்டும் ஒரு சிவப்பு, மிச்சம் வெள்ளைத் தாள், இது அவரு பாணி. கோலம் போடுறவங்களுக்கு இது புரியும், விடுற இடமும் கோலம்தான.

இன்னொரு தமாஷ் சொல்லுதேன். பாரிஸ்ல ஷோ நடக்கும்போது பாக்க வந்தவங்க வரையக் கூடாது, காப்பி அடிச்சிருவாங்கன்னு கண்டிஷன். அதனால காப்பி அடிக்க வந்த ஆளுங்க கண்ணாலயே மனப்பாடம் பண்ணிட்டு வெளிய ஓடி வந்து வரைவாங்களாம். எங்க பக்கத்து டெய்லருங்க தென்காசி தியேட்டர்ல ஒரே படத்த மூணு ஆட்டம் பாத்து ஹீரோயின் ஜாக்கெட் கைய மனசுல ஏத்திட்டு வந்து வெட்டின கதைய நான் கேட்டிருக்கேன், தொழில்காரன் புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் உடுப்பு. நம்ம கலாச்சாரத்துக்கு இது தேவையா?
– ஒரு வாசகர், புனலூர்

பதில்: அண்ணாச்சி, தையல் மெஷினே கப்பல்ல வந்ததுதான். அது போகட்டும். இதே திருவிதாங்கூர் ராஜ்யத்துல, நம்மளுக்குத் தெக்க, பொம்பளைங்க மேல்துணி போடுறதுக்கே வருசக்கணக்கா அடி வாங்கிப் போராடி, 1859 ல ராஜா உத்தரவு போட்ட பிறகுதான் நாடார் பொம்பளைங்க ஜாக்கெட் போடலாம்னு ஆச்சு, அதுலயும் மேல்சாதிக்காரங்க போடுற மாதிரி போடக்கூடாதுன்னு வால் ஒட்டித்தான் கொடுத்தாங்க. யாரு எதைத் தைச்சுப் போடணும்னு சொல்ற விசயத்துல எனக்கு வாய் வராது. அளவு கொடுங்க, தைச்சுத் தாரேன்.

கேள்வி: என்கிட்டயும் எங்க ஆச்சி சேத்து வச்ச இந்த மாதிரி கிழிச்ச படங்க பத்து இருவது இருக்கு, ஓரமெல்லாம் பொடிஞ்சு வருது. லேமினேட் பண்ணிரலாமா?
– ஒரு வாசகி, கடையநல்லூர்

பதில்: ஐயோ வேண்டாம். லேமினேட் பண்ணினா திரும்ப எடுக்கவே முடியாது, சூட்டுல மையும் கெடும். செலோடேப்பும் ஒட்டாதீங்க, நாலு வருசத்துல அது மஞ்சக் கறையா ஊறிரும். அந்தக் காலத்து மலிவுத் தாள்ல மரக்கூழோட அமிலமும் இருக்கும், வெயில் பட்டா அதுவே தன்னைத் தின்னுக்கும், சாரல் மாசத்துல பூஞ்சையும் ராமபாணமும் வந்து மிச்சத்தத் தின்னும். ஒவ்வொண்ணா போன்ல பகல் வெளிச்சத்துல நேரா மேல இருந்து போட்டோ எடுத்து வச்சிருங்க. அப்புறம் ஒரு படத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அமிலம் இல்லாத வெள்ளைத் தாள் வச்சு, தட்டையா ஒரு அட்டைப்பெட்டில, பீரோல நடுத்தட்டுல வைங்க, கீழ்த்தட்டு ஈரம் இழுக்கும். பாச்சா உருண்டைய தாளோட ஒட்டி வைக்க வேண்டாம். பிரேம் போட்டா கண்ணாடி படத்த உரசாம நடுவுல ஒரு அட்டைச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்க, ஈரத்துல கண்ணாடியோட ஒட்டிக்கிட்டா கலர் கண்ணாடிக்குப் போயிரும்.

கேள்வி: வட்டப் பாவாடை கவுன் தைக்க எவ்வளவு துணி வேணும்? அம்மாவோட பழைய செட்டு சேலை ஒண்ணு இருக்கு, அதுல தைக்க முடியுமா?
– ஒரு வாசகி, பாலருவி ரோடு, ஆரியங்காவு

பதில்: கணக்கு சொல்லுதேன், நோட்டுல எழுதிக்கோங்க. இடுப்புச் சுத்தளவ 6.28 ஆல வகுத்தா வர்றது நடு வட்டத்தோட ஆரம். இடுப்பு 28 ன்னா கிட்டத்தட்ட நாலரை இஞ்ச். அதோட பாவாடை நீளம் 28, மடிச்சு அடிக்க ஒரு இஞ்ச், மொத்தம் 33½. இது 44 இஞ்ச் பன்னாவுல, அதாவது துணி அகலத்துல, தாராளமா அடங்கும். முழு வட்டம் ஒரே துண்டுல வராது, ரெண்டு அரை வட்டமா வெட்டணும், ஒவ்வொண்ணுக்கும் 67 இஞ்ச் நீளம், ரெண்டுக்கும் 134, அதாவது சுமார் 3.4 மீட்டர், தையலுக்கும் சேத்து மூணரையா வாங்குங்க. அஞ்சரை மீட்டர் சேலைன்னா மேல்பாகத்துக்கு ரெண்டு மீட்டர் மிஞ்சும்.

ஆனா செட்டு சேலைல ஒரு சிக்கல். கசவு, அதான் அந்த ஜரிகை பார்டர், வளையாது. பார்டர் நேர் கோடு, வட்டப் பாவாடை ஓரம் வளைவு, ரெண்டும் சேராது. வட்டமா வெட்டினா கசவு துண்டு துண்டா வீணாப் போகும், அம்மா சேலைன்னு சொல்றீங்க, மனசு கேக்காது. அதனால பார்டர் கீழ வர்ற மாதிரி துணிய நேரா வச்சு நாலு மீட்டர் எடுங்க, இடுப்புல என்னை மாதிரி சுருக்கு இழுத்துத் தொலைக்காம அகலமான பெட்டி மடிப்பா எடுத்து, இடுப்புல இருந்து நாலஞ்சு இஞ்ச் கீழ வரைக்கும் ஒவ்வொரு மடிப்பையும் உள்பக்கமா தைச்சு அமுக்கிருங்க. இடுப்பு ஒட்டி நிக்கும், அதுக்குக் கீழ பாவாடை விடுபட்டு விரியும், கசவும் சுத்தி முழுசா ஓடும்.

வெட்டுறதுக்கு முன்னால சேலைய ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. வருசக்கணக்கா ஒரே மடிப்புல இருந்த இடம் கோடு கோடா வெளிச்சம் விடும், அந்த இடம் தையல் ஏறுற பக்கம் வராம பாத்து வெட்டுங்க. நீங்க வேற துணி எடுத்து வட்டப் பாவாடையே தைக்கறதா இருந்தா, கீழ் ஓரத்த உடனே அடிச்சிராதீங்க. ஒரு ராத்திரி முழுக்க ஹேங்கர்ல தொங்க விடுங்க, கிராஸ்ல, அதாவது இழை சாய்வா ஓடுற பக்கம், இருக்கிற இடம் எல்லாம் கீழ இறங்கும், காலைல தரைல இருந்து ஸ்கேல் வச்சு சுத்தி சாக்பீஸ் கோடு போட்டு, அதுக்கப்புறம் கத்திரிய எடுங்க.